பின்னுக்கு நிக்கிறவா

டக்சாயினி இடது கோல் தூணடியில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை வைக்கிறாள். ஒன்றின் மூடியைத் திருகிக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொள்கிறாள். மற்றதை மூடியோடு விடுகிறாள். மூடியுள்ளது அவளுக்கு. திறந்திருப்பது யாருக்கு என்று கேட்டேன். "அது அவாக்கு" என்றாள், பக்கத்து வீட்டு அன்ரிக்குப் பால் எடுத்து வைத்தவள் மாதிரி. பிறகு கையுறைப் பட்டியைப் பல்லால் இழுத்து இறுக்கினாள், இரண்டு தூணையும் குதிக்காலால் தட்டினாள், வலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இனி ஆட்டம் முடியும்வரை பின்னால் திரும்பமாட்டாள். பந்து வலைக்குள் போனாலும் வேறொருத்திதான் போய் எடுத்துவர வேண்டும். இதற்காகக் கொழும்பில் மஞ்சள் அட்டையும் வாங்கியிருக்கிறாள், நேரத்தை வீணாக்குகிறாளாம்.

அவளைப் படமெடுத்து எழுத வந்தவன், வந்த வேலையைப் பார்ப்போம் என்று நான் கமராவோடு வலைக்குப் பின்னால் போய்க் குந்தினேன். அவளுடைய முதுகு, அதற்கப்பால் மைதானம், அதற்கும் அப்பால் பனைகள். நல்ல படம். அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அண்ணை, கொஞ்சம் தள்ளி இருங்கோ. அவாக்கு மறைக்குது."

நான் ஓமந்தைக்காரன், கடற்கரை வழக்கங்கள் அறியாதவன். பேய் பிசாசு இல்லை என்பதில் உறுதியாக இருப்பவன். அதைச் சோதித்துப் பார்க்கும் உத்தேசம் இல்லாதவன். தள்ளி இருந்தேன். எவ்வளவு தள்ளி என்று கேட்காதீர்கள். மைதானத்தின் மறுபக்கம் வரை போனேன்.

டக்சாயினிக்கு இருபத்தாறு வயது. முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் பிறந்து, உதைபந்தாட்டத்தில் கோல் காத்தே சம்பளம் வாங்குகிறவள். இந்த நாட்டில் பந்தடிக்கிற பெண்பிள்ளைகள் நிறையப் பேர். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். பாடசாலை அணி, மாவட்ட அணி, பிறகு கொழும்பில் ஒரு கழகம், தேசிய அணியின் பயிற்சி முகாம், அதற்குப் பிறகு மாலைதீவில் இரண்டு பருவம் என்று போயிருக்கிறது அவள் பிழைப்பு. மாலைதீவில் முறிந்த நடுவிரல் கோணலாகவே பொருந்திவிட்டது. கையுறை போடும்போது அந்த விரலை மட்டும் தனியாகக் கெஞ்சி உள்ளே அனுப்ப வேண்டும். "இவன் சொல்வழி கேளான்" என்று அதைத் திட்டுவாள்.

கையுறைகளைக் குழந்தைகளின் ஷாம்பூவில் கழுவி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, குசினிக்குப் பின்னால் நிழலில் காயப்போடுகிறாள். வெயிலில் போட்டால் பந்தைப் பிடிக்கிற ஒட்டு போய்விடுமாம். பத்து விரலும் கீழே தொங்க அவை கொடியில் கிடக்கும். பழகாத சனம் அந்தப் பக்கம் கால் கழுவப் போனால் ஒருக்கால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். நானும் நின்றேன்.

ஆட்டம் நடக்கும்போது வாய் ஓயாது. "பிள்ளை, ஆளைப் பிடி, ஆகாயத்தைப் பாராதை." "நீ எங்கயடி போறாய், சந்தைக்கோ?" இப்படித் தன் அணிப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்பவள் திடீரென்று வாயை மூடுவாள். தலை ஒரு பக்கம் சற்றுச் சரியும். பின்னால் யாரோ மெதுவாகக் கதைப்பதைக் கேட்க நாங்கள் சரிப்போமே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் எதிரணிக்காரி பந்தை உதைப்பாள். டக்சாயினி அதற்கு முன்பே அந்தப் பக்கம் பாய்ந்திருப்பாள். முன்பே என்றுதான் சொல்கிறேன். பந்தைப் பார்த்துப் பாய்வது வேறு. இவள், உதைக்கிறவள் முடிவெடுக்க முதலே பாய்கிறாள்.

நம்பாமல் நானே ஒரு பின்னேரம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ட உதை அடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் அடிப்பதென்று மனதில் முடிவெடுத்து ஓடினேன். கடைசி எட்டில் எனக்கே தெரியாமல் மனம் மாறி வலப்பக்கம் அடித்தேன். பந்து போய்ச் சேர முதல் அவள் அங்கே படுத்திருந்தாள். எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு, "உங்கட மனம் உங்களுக்குத் தெரியேல்ல அண்ணை, அவாக்குத் தெரியுது" என்றாள். எனக்குக் கால் பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

"எப்பிடிச் சொல்லுறவா?" என்று கேட்டேன்.

"வாயால இல்லை. காலை மாத்தி வைப்பா. மணல் நெரியிற சத்தம் கேக்கும். வலப்பக்கம் நெரிஞ்சால் வலப்பக்கம்."

"மாலைதீவில மைதானம் முழுக்கப் புல்லெல்லோ? அங்க ஏது மணல்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அங்கயும் மணல்தான் நெரியும் அண்ணை."

அங்கே முதல் சில ஆட்டங்களுக்குப் பின்னால் நிற்க யாரும் வரவில்லையாம். கோல் கோலாக விட்டாளாம். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று பெட்டியைக்கூட அடுக்கிவிட்டாளாம். பிறகு ஒரு மழைநாள், இரண்டாம் பாதியில், முதுகுக்குப் பின்னால் மணல் நெரிந்தது. "கடல் வழியா வாறதெண்டால் சுணங்கும்தானே" என்றாள். பகிடி விடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கொழும்பில் இருந்தபோது ஒரு பயிற்றுநர் இவளைக் காது வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். காது எல்லாருக்கும் போலத்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். அந்தப் பயிற்றுநர் பிறகு எதையும் கேட்கவில்லை. கோல் விழாத வரைக்கும் யாருக்கு என்ன.

இது தொடங்கியது ஒரு வலையில். அதை எனக்குச் சொன்னவர் அவளுடைய தகப்பன் மரியநேசன், கரைவலைத் தொழிலாளி. சண்டை முடிந்து ஊருக்கு மீள்குடியேறி, கடலுக்குப் போகலாம் என்று விட்ட முதல் பருவத்தில், ஒரு விடியற்காலை அவருடைய வலையில் மீனோடு ஓர் ஆளின் எலும்புகளும் ஏறி வந்தன.

"கையில காப்பு கிடந்துது தம்பி. அதாலதான் பொம்பிளைப் பிள்ளை எண்டு தெரிஞ்சுது. ஆரெண்டு தெரியாது. அந்த நேரம் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? சொன்னால் எங்களையெல்லோ பிடிச்சு வைச்சு விசாரிப்பாங்கள். தாழம்பத்தைக்குப் பக்கத்தில தாட்டுப்போட்டுச் செபம் சொன்னனாங்கள்."

காப்பு என்ன நிறம் என்று கேட்டேன். மறந்துவிட்டதாம். அவர் கண்ணைப் பார்த்தால் மறந்ததாகத் தெரியவில்லை.

இறந்தவர் ஏறிய வலையை அந்தக் கரையில் மறுபடி கடலில் இறக்கமாட்டார்கள். எரித்துவிடுவார்கள். மரியநேசனுக்கு எரிக்க மனம் வரவில்லை. நிவாரணத்தில் கிடைத்த புது வலை; கடலை இன்னும் சரியாகக் காணாதது. அந்த நேரம் பார்த்து ஊரின் வெண்ணலை விளையாட்டுக் கழகம் கோல் தூண்களை நட்டுவிட்டு வலைக்கு வழியில்லாமல் நின்றது. "கடலுக்குத்தானே கொண்டுபோகக் கூடாது, கரையில கட்டினால் என்ன எண்டு நினைச்சிட்டன்" என்றார். வெட்டிப் பிரித்ததில் இரண்டு கோலுக்கும் போதுமாயிருந்தது. சொல்லிவிட்டு மனிதர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஊர்ப் பொடியன்கள் விஷயம் அறிந்தவர்கள். ஒருத்தனும் அந்த வலைக்கு முன்னால் நிற்க ஒப்பவில்லை. பதினொரு வயது டக்சாயினி போய் நின்றாள். "ஒருத்தரும் நிக்கமாட்டினம் எண்டால் விளையாடேலாதெல்லோ" என்பது அவள் விளக்கம். முதல் நாளே பின்னால் யாரோ நிற்பது தெரிந்ததாம். பயமில்லையா என்றேன்.

"பயந்தனான். ஆனா அவா அண்டைக்கே ஒரு பந்தைக் காட்டித் தந்தா. காட்டித் தந்த ஆளிட்ட இருந்து ஓடுறது வடிவில்லையெல்லோ." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அவா எனக்கு அக்கா. இப்ப எனக்கு வயசு கூடிப்போச்சு, அவாக்குக் கூடேல்ல. எண்டாலும் மரியாதையா அவா எண்டுதான் சொல்லுவன்."

பெயரைக் கேட்டதே இல்லை. அதற்கும் அந்தக் கரையில் ஒரு முறை இருக்கிறது. இருட்டுக் கடலில் தெரியாத குரல் கேட்டால் பதில் சொல்லலாம், தண்ணீர் கேட்டால் ஊற்றலாம், பெயர் மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் அது பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடும், போனது திரும்பாது.

"போறது நல்லதுதானே?" என்று மரியநேசனிடம் கேட்டேன்.

"கடலில நல்லது. இவளுக்கு?" என்றார்.

தாய் புனிதமலருக்கு வேறு கவலை. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "பொம்பிளை கேட்டு வாற சனம், பிள்ளைக்குப் பின்னால ஆரோ நிக்கினமாமே எண்டு கேக்குதுகள். நான் என்னத்தைச் சொல்ல? கட்டுறவர் பக்கத்தில நிக்கலாம், இடம் கிடக்கு எண்டு சொல்லவோ?"

கதை கரையோடு நிற்கவில்லை. இரணைமடுப் பக்கம் வயல் செய்கிற விமலேஸ்வரி என்ற அம்மாவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அவருடைய மகள் ரஜிதா, பதினேழு வயதில், சண்டை முடிகிற மாதங்களில் இந்தக் கடற்கரையில் சனத்துக்குள் தாயின் கையை விட்டுப் போனவள். அன்றுதொட்டு அந்த அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு வீதியோரக் கொட்டகையில் இருந்திருக்கிறார், விசாரிக்க வந்தவர்களுக்கு முன்னால் எல்லாம் இருந்திருக்கிறார், சாத்திரக்காரரையும் விடவில்லை. மகள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இந்த வருடம் தொடங்கியதிலிருந்து, டக்சாயினி ஊரில் நிற்கிற நாட்களில், பஸ் மாறி மாறி வந்து வலைக்குப் பின்னால் மணலில் இருக்கிறார். எங்களைப்போலப் பந்தைப் பார்ப்பதில்லை. டக்சாயினிக்கும் வலைக்கும் நடுவில் இருக்கிற வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் மட்டும் 'மறைக்குது' என்று டக்சாயினி சொன்னதில்லை.

"பேரைக் கேட்டுச் சொல்லு மோனை." இதுதான் அவர் கேட்பது. "என்ர பிள்ளை இல்லை எண்டு ஒரு சொல் வந்தால் காணும். நான் நிம்மதியாத் தேடுவன். வீட்டில கூப்பிடுற பேர் ஒண்டு இருக்கு. அது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்."

டக்சாயினி ஒவ்வொரு முறையும் பிறகு கேட்கிறேன் என்பாள். அந்த அம்மா ஓமென்று தலையாட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போவார்.

நான் போயிருந்த வாரத்தில் அந்தப் 'பிறகு'வுக்குப் பெரிய காரணம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. கேரளத்தில் ஒரு கழகம் டக்சாயினியைக் கேட்டிருந்தது. பெரிய லீக், இரண்டு வருட ஒப்பந்தம். அந்தக் கழகத்தின் பயிற்றுநர், கட்டையாக முடி வெட்டிய ஒரு பெண்மணி, மாதா திருவிழாக் கிண்ணத்தின் பெண்கள் இறுதியாட்டத்தில் இவளை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. இன்னொரு வாய்ப்பு வரும் என்று டக்சாயினி நம்பவில்லை. "இதை விட்டால் கருவாடு காயப்போட வேண்டியதுதான்" என்றாள். சிரித்தபடி சொன்னாலும் அது பயம்தான். அந்த ஊரில் கருவாடு காயப்போடுகிற, முன்னொரு காலத்தில் மாவட்ட அணிக்கு விளையாடிய பெண்களை நானே கண்டேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவள் விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் போய் மணலில் குந்தினாள்.

"அம்மா, நாளைய மட்ச் முடியட்டும். முடிஞ்ச உடனை கேக்கிறன், சத்தியமாக் கேக்கிறன். கேட்டால் அவா போயிடுவா. நாளைக்கு மட்டும் எனக்கு அவா வேணும்."

"ஓம் மோனை. நான் பொறுப்பன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "பொறுத்துப் பழகினனான்தானே."

குறையாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தில் இருக்க ஏலவில்லை. எழும்பிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறுதியாட்டத்தன்று நல்ல சனம். ஒலிபெருக்கி, ஐஸ்கிறீம் வண்டி, தலையில் துவாய் போட்ட கிழவர்கள், வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள், நடுக் கதிரையில் கேரளத்துப் பயிற்றுநர். கடற்காற்று வலையை உப்பவைத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் வலை உப்பவில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு, யாரோ சாய்ந்து நிற்பதுபோல, நேராக நின்றது. அந்த இடத்தில் நூல் தடிப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் பாதியில் டக்சாயினி பிடித்த பந்துகளைப் பிடித்தது ஒரு மனுசிதானா என்று பக்கத்திலிருந்த கிழவர் என்னிடம் கேட்டார். பயிற்றுநர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. விமலேஸ்வரியும் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து மற்றக் கோலுக்குப் பின்னால் போய் இருந்தார். திறந்து வைத்த போத்தலில் தண்ணீர் அரைவாசிக்கு இறங்கியிருந்தது. வெயில் குடித்திருக்கும்.

டக்சாயினி என்னிடம் வந்தாள். ஒரு கோலும் விடாதவளின் முகம் இல்லை.

"அந்த அம்மா இண்டைக்கு ஒரு சொல்லும் கேக்கேல்ல அண்ணை. கேட்டிருந்தால் ஏசி அனுப்பியிருப்பன்." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "இத்தனை வருசமா அவாவை நான் வைச்சிருக்கிறன். தாய் வெளியில இருக்கிறா."

"தாய்தான் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"அம்மா வந்து இருக்கிற நாளில அவா என்ர முதுகோட ஒட்டி நிக்கிறேல்ல. அங்கால, அம்மாவின்ர பக்கமாத் தள்ளிப் போய் நிண்டு சொல்லுறா."

"மட்ச் முடியட்டும் பிள்ளை" என்றேன். அந்த ஒப்பந்தம் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கும் அவ்வளவு ஆசை.

ஆட்டம் முடியும் தறுவாய். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பதற்றத்தில் எதிராளியின் காலைத் தட்டி விழுத்திவிட, மத்தியஸ்தர் தண்ட உதை என்று கையைக் காட்டினார். எதிரணியான வவுனியா அணியின் பிள்ளை, நல்ல உயரம், பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். நான் விமலேஸ்வரிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். டக்சாயினி கோட்டில் நின்றாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

பிறகு அவள் திரும்பினாள். பந்துக்கு முதுகைக் காட்டி, வலையைப் பார்த்து.

"அக்கா, உங்கட பேர் என்ன?"

ஒரு சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மத்தியஸ்தர் கிட்ட வரத் தொடங்கினார். அவள் கண்ணிமைக்காமல் நின்றாள். பிறகு வலைக்கு இந்தப் பக்கம் இருந்த விமலேஸ்வரியை நோக்கிக் குனிந்து ஒரு சொல் சொன்னாள். காற்றில் அது எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குக் கேட்டது. இல்லை என்ற சொல்லுக்காகவே இவ்வளவு தூரம் வந்து போனவர், அந்தப் பேரை உதட்டுக்குள் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "அவள்தான்."

விசில் ஒலித்தது. டக்சாயினி முன்பக்கம் திரும்பி நின்றாள். எந்தப் பக்கமும் பாயவில்லை. பந்து அவளுக்கு எட்டக்கூடிய தூரத்தால்தான் போனது. வவுனியாப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். கேரளத்துப் பயிற்றுநர் கதிரையில் பின்னால் சாய்ந்து, கைப்பையைத் திறந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோலுக்காக அழுகிறான் என்று சனம் நினைத்திருக்கும்.

விமலேஸ்வரி எழும்பினார். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். விரித்ததைத் தன் தலைக்கு நேரே பிடிக்கவில்லை. இடப்பக்கம் சரித்துப் பிடித்தார். அவருடைய வலத்தோள் முழுக்க வெயிலில் இருந்தது. வீதிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை மைதானத்தின் மூலையை வெட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பாதையில், வழமையான தன் நடையில் இல்லாமல், பக்கத்தில் வருகிற ஆளின் காலுக்கேற்ப நடப்பவர்போல மெதுவாக நடந்தார்.

நடுவில் பந்து வைத்தாயிற்று. மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தார். டக்சாயினி கோலை விட்டு முன்னுக்கு வந்து வலக்கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர். அவையள் ரெண்டு பேரும் கடக்கட்டும்."

மத்தியஸ்தர் மூலையைப் பார்த்தார். ஒரு மனுசியும் ஒரு குடையும்தான் போய்க்கொண்டிருந்தது. என்ன நினைத்தாரோ, விசிலை வாயிலிருந்து எடுத்தார். குடை மூலைக்கொடியைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, வீதியில் ஏறும்வரைக்கும் டக்சாயினி அந்தக் கையை இறக்கவில்லை.